பதினேழுக்குள் ஈரம்

உணவுப் பாதுகாப்பு என்றதும் உங்களுக்கும் எனக்கும் சோறுதான் நினைவுக்கு வரும். இன்றைக்குத் தட்டில் சோறு இருக்கிறது, நாளைக்கும் இருக்கும், அதற்குப் பெயர்தான் உணவுப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்வோம். விவரம் தெரியாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அந்தச் சொல்லில் உணவு சும்மா முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். வேலை முழுவதும் பாதுகாப்புக்கு. உணவுக்கு எதிரிகள் பலர்: எலி, பூச்சி, மழை, திருடன். இவர்கள் எல்லாரையும்விடப் பெரிய எதிரி அதைத் தின்கிறவன். அவனுக்கு அடுத்தபடி அதை விளைவித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறவன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் இயக்குநர் ஒரு கூட்டத்தில் சொன்னதுதான். சொன்னதோடு நிற்காமல் சுற்றறிக்கையாகவும் அனுப்பிவைத்தார்.

அந்தக் கொள்கைக்குத் தகுந்த மாதிரியே நெல் கொள்முதல் நிலையத்தைக் கட்டியிருந்தார்கள். ஆளுயரத்துக்கு மேலே மதில், மதில்மேல் கண்ணாடிச் சில்லு, இரும்புக் கதவு, கதவுக்குப் பக்கத்தில் காவலாளிக்கு ஒரு கூண்டு, எழுத்தருக்கு மின்விசிறி போட்ட அறை, வரிசையாகப் பதினோரு அறிவிப்புப் பலகைகள். நெல் கொட்டுகிற களத்துக்கு மட்டும் கூரை இல்லை. கூரை இரண்டாம் கட்டப் பணி என்று பதினோராவது பலகையில் எழுதியிருந்தது. எழுதிப் பல வருஷம் ஆகி, அந்தப் பலகைக்கே துருப்பிடித்துவிட்டது.

இந்த இடத்துக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் நிதானம் அறுபது மூட்டை நெல்லோடு வந்து சேர்ந்தார்.

நிதானம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. எதற்கும் 'நிதானமா பார்த்துக்கலாம்' என்று சொல்லிச் சொல்லி, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டுக்கு வேண்டிய அவசரம் முழுவதையும் அவர் மனைவியே வைத்திருந்தாள். அவருடைய வயல் தாழ்ந்த வயல். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். மற்ற நெல்லெல்லாம் மூன்றாம் நாளே அழுகிவிடும். ஒரே ஒரு ரகம்தான் தண்ணீர் ஏற ஏறத் தானும் வளர்ந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உரித்துப் பார்த்தால் அரிசியின் முதுகில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடும். அந்த விதை எந்த விதைக்கடையிலும் கிடையாது, துறையின் பட்டியலிலும் கிடையாது. அவர் மனைவி அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் ஒரு மூட்டை வைத்திருந்தாள். கதிர் கதிராகப் பார்த்துப் பொறுக்கி, காய வைத்து, புடைத்து, கட்டி வைத்த மூட்டை. அந்த ஒரு மூட்டை இருந்தால் அடுத்த வருஷம் வயல் உண்டு, இல்லாவிட்டால் குட்டைதான். அதன்மேல் யாராவது கையை ஊன்றினால்கூட அவளுக்குக் கோபம் வரும்.

நெல்லை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கியவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி.

"மாமா, நான் வேணா ஒரு பத்து நிமிஷம் நிக்கறேன். அளந்துட்டாங்கன்னா அப்படியே சாக்கை வாங்கிட்டுப் போயிடலாம்" என்றான்.

"இரு, நிதானமா பார்த்துக்கலாம்" என்றார் அவர்.

காவலாளி ஒரு டோக்கன் கொடுத்தார். மூட்டைகளைப் பிரித்துக் களத்தில் குவியலாகக் கொட்டச் சொன்னார்கள், கொட்டினார்கள். எழுத்தர் குடையோடு வந்தார். மழை இல்லை. ஆனாலும் குடை அவருக்குக் கொடுத்த அரசாங்கச் சாமான், அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் காவலாளி ஒரு மரப்பெட்டியைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்தார். அதற்குள் இருந்தது ஈரம் பார்க்கிற மிஷின். எழுத்தர் அதன் கிண்ணத்தில் ஒரு பிடி நெல்லைப் போட்டார், மூடியைத் திருகினார், முள்ளைப் பார்த்தார்.

"பத்தொன்பது" என்றார்.

"நல்லதுங்களா?"

"பதினேழுக்குள்ள இருக்கணும். இது பத்தொன்பது. ரெண்டு நாள் காய வெச்சுட்டுச் சொல்லுங்க."

நியாயந்தானே என்று நிதானத்துக்குத் தோன்றிற்று. ஈர நெல்லைக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அது அவருக்குத் தெரியாததா. மைத்துனனை அனுப்பிவிட்டு அங்கேயே தங்கினார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் நல்ல வெயில். காலால் உழுது உழுது நெல்லைப் புரட்டினார். மனைவி மத்தியானம் சோறு கொண்டுவந்து, அவர் சாப்பிடுகிற நேரத்தில் அவளும் ஒரு நடை புரட்டிவிட்டுப் போனாள். புதன்கிழமை சாயங்காலம் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார். நறுக்கென்று உடைந்தது. சந்தோஷமாக எழுத்தரிடம் போனார்.

எழுத்தர் சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "இன்னைக்கு அளக்க முடியாது. வெயில் நாள்."

"காய்ஞ்சிருக்குதுங்க. அதனாலதான் அளக்கச் சொல்றேன்."

"வெயில் நாள்ல எல்லாருடைய நெல்லும் காய்ஞ்சுதான் இருக்கும். அப்ப அளந்தா உண்மையான ஈரம் எப்படித் தெரியும்? ரூல்ல தெளிவா இருக்கு."

"அப்ப மழை நாள்ல அளப்பீங்களா?"

"மழையில மிஷினை வெளியே எடுத்தா மிஷின் நனையும். நனைஞ்ச மிஷின் தப்பாக் காட்டும். உங்களுக்குத்தான் நஷ்டம்." எழுத்தர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். "மூட்டமா இருக்கணும். மழையும் பெய்யக் கூடாது, வெயிலும் அடிக்கக் கூடாது. அந்த மாதிரி ஒரு நாள் வந்தா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன்."

வியாழக்கிழமை மூட்டமாகவே இருந்தது. ஆனால் எழுத்தர் இல்லை. மழைக்கால முன்னெச்சரிக்கைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை விடியும்போதே தூறல்.

நிதானம் ஓட்டமும் நடையுமாகக் காவலாளியிடம் போனார். வாழ்க்கையிலேயே அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. நெல் இருப்பு வைக்கிற கிட்டங்கியின் தாழ்வாரத்தில் பன்னிரண்டு தார்ப்பாய்கள், புதுக்கருக்கு மாறாமல், மடித்து அடுக்கி வைத்திருந்தது அவர் கண்ணில் பட்டிருந்தது.

"அண்ணே, ரெண்டு தார்ப்பாய் குடுங்க. மழை விட்டதும் மடிச்சு வெச்சுடறேன்."

"தார்ப்பாய் ஏத்துக்கிட்ட நெல்லுக்குங்க. உங்க நெல்லை இன்னும் ஏத்துக்கலையே."

"நனைஞ்சுட்டா எப்படி ஏத்துக்குவாங்க?"

காவலாளி யோசித்தார். நல்ல மனிதர்தான். யோசித்துவிட்டு, "அது எழுத்தர் சாரைக் கேக்கணும்" என்றார்.

நிதானம் தம்முடைய மேல்துண்டை விரித்தார். மனைவி வந்ததும் பழைய சேலை இரண்டைக் கொண்டுவந்து விரித்தாள். காலிச் சாக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். அறுபது மூட்டைக் குவியலுக்கு அது எந்த மூலைக்கு. மழை தன்பாட்டுக்குப் பெய்தது.

மைத்துனன் டிராக்டரோடு வந்து, "இவங்க சங்காத்தமே வேண்டாம் மாமா, வீட்டுக்கே அள்ளிட்டுப் போயிடலாம். கூடத்துல கொட்டிக் காய வெப்போம்" என்றான். அதுதான் சரி என்று பட்டது. அள்ளத் தொடங்கினார்கள். காவலாளி வந்து தடுத்தார்.

"வெளியே எடுத்துட்டுப் போக சீட்டு வேணும்."

சீட்டுக்கு எழுத்தரிடம் போனார்கள். எழுத்தர் பேரேட்டைப் புரட்டினார். "உள்ளே வந்த நெல்லுக்குத்தான் வெளியே போகச் சீட்டு. உங்க நெல் இன்னும் உள்ளே வரலையே."

"சார், அதோ கிடக்குது" என்று மைத்துனன் சன்னல் வழியாகக் கையைக் காட்டினான்.

"கண்ணுக்குத் தெரியுது. கணக்குல வரணும். ஏத்துக்கிட்டாத்தான் உள்ளே வந்ததா அர்த்தம். உள்ளே வராத ஒண்ணு வெளியே போனா, நான் எங்கிருந்து போச்சுன்னு எழுதறது? என் வேலை போயிடும்."

மைத்துனனுக்கு வாய் கொஞ்சம் நீளம். "அப்ப அந்த நெல்லு இப்ப எங்கதான் சார் இருக்குது?" என்று கேட்டான். எழுத்தர் பேரேட்டை மூடினார். அன்றிலிருந்து அவன் டிராக்டரைக் கதவுக்குள்ளே விடக் கூடாது என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். வருகிற வாரக் கடைசியில் ஒரு விழா என்று பேச்சு. அன்றைக்கு மழை நின்று, வானம் மூடிக்கொண்டு கிடந்தது. எழுத்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதல் ஆளாக நிதானத்தைத்தான் கூப்பிட்டார். குவியலின் நடுவே கையை விட்டு, நனையாத நெல்லாகப் பார்த்து நிதானம் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தார். முள் பத்தொன்பதில் நின்றது. எழுத்தர் தலையை ஆட்டிவிட்டு மிஷினைப் பெட்டிக்குள் வைத்தார்.

பக்கத்தில் நின்ற மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது அவளுக்குச் சந்தேகம் கிளம்பிற்று.

"ஏங்க, திங்கக்கிழமையும் பத்தொன்பது, ரெண்டு நாள் வெயில்ல காய வெச்ச நெல்லுக்கும் பத்தொன்பதா? அந்த மிஷினுக்குப் பத்தொன்பதைத் தவிர வேற எதுவும் தெரியாது போலிருக்கு."

"மிஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லுதா இல்லையான்னு பார்த்துடலாம். நம்ம விதைநெல் எலும்பு மாதிரி காய்ஞ்சது. அதை அளக்கச் சொல்லுங்க. அதுக்கும் பத்தொன்பது காட்டினா, கோளாறு மிஷின்லதான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் என்ன பேசுவாங்க?"

அவள் சொன்னது நல்ல யோசனைதான். எந்த விவசாயி வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். தப்பு அந்த யோசனையில் இல்லை. அது நியாயம் பார்க்கிற இடம் என்று நினைத்ததில்தான் தப்பு.

நிதானம் மறுநாள் ஒரு கைப்பிடி விதைநெல்லை மடியில் கட்டிக்கொண்டு போனார். எழுத்தர் தொடவில்லை. "மாதிரி எடுக்கறதுன்னா முழு மூட்டையில குத்தூசி போட்டுத்தான் எடுக்கணும். மடியில இருக்கறதெல்லாம் மாதிரின்னு ஆகாது" என்றார். ஆகவே செவ்வாய்க்கிழமை காலை மைத்துனன் பரணில் ஏறி மூட்டையை இறக்கினான். அவள் அதைத் துடைத்து, தார்ப்பாய்க்கு வழியில்லாததால் வீட்டில் இருந்த ஒரே கம்பளியால் போர்த்தி அனுப்பினாள். "அளந்த கையோட திருப்பிக் கொண்டாந்துடணும்" என்று மூன்று தடவை சொன்னாள்.

அன்றைக்கும் வானம் மூட்டமாகத்தான் இருந்தது. எழுத்தர் குத்தூசியை மூட்டையில் செருகி உருவினார். கிண்ணத்தில் கொட்டினார். திருகினார். முள் கிடுகிடுவென்று இறங்கிப் பன்னிரண்டில் போய் நின்றது.

எழுத்தரின் முகம் அப்படி மலர்ந்து நிதானம் பார்த்ததில்லை. அந்த நிலையத்தில் அந்தப் பருவத்தில் பதினேழுக்குள் வந்த முதல் மூட்டை அது. அவர் ஓடிப்போய் முத்திரைக் கட்டையை எடுத்துவந்து, மூட்டையின்மேல் ஊதா மையில் அழுந்தக் குத்தினார்.

"ஏத்துக்கிட்டாச்சு" என்றார்.

"இல்லீங்க, இது விதைங்க. மிஷினைப் பார்க்கறதுக்காகக் கொண்டாந்தது. எடுத்துட்டுப் போகணும்."

"பதினேழுக்குள்ள வந்து முத்திரையும் போட்டாச்சு. இனிமே இது நெல்லு இல்ல. இருப்பு."

"ஐயா, இந்த ஒரு மூட்டைதாங்க இருக்கு. இது போச்சுன்னா அடுத்த போகத்துக்கு வயல்ல தூவ ஒண்ணும் இல்லை. எங்க வயல்ல வேற நெல்லு நிக்காது." வாழ்நாளில் முதல் தடவையாக நிதானம் ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். "அதோ, அறுபது மூட்டை கிடக்குதுங்களே. அதை எடுத்துக்குங்க. சும்மாவே எடுத்துக்குங்க. இதைக் குடுத்துடுங்க."

"அது பத்தொன்பதுங்க" என்றார் எழுத்தர், சின்னக் குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல. "ஈரமா இருக்கறதை நான் எப்படி எடுத்துக்க முடியும்?"

காவலாளி மெதுவாக நிதானத்தின் விரல்களை ஒவ்வொன்றாக மூட்டையிலிருந்து பிரித்தார். "விடுங்க அண்ணே. நான் நெல்லுக்குக் காவல். எனக்கு வேற வழியில்லை" என்றார். மூட்டை கிட்டங்கிக்குள் போயிற்று. ஆயிரம் மூட்டை கொள்ளுகிற கிட்டங்கி. நட்டநடுவில் அது ஒன்றுமட்டும் உட்கார்ந்திருந்தது. இரட்டைப் பூட்டுப் போட்டார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அண்ணாந்து பரணைப் பார்த்தாள். பிறகு, "யோசனை சொன்னது நான்தானே" என்றாள். சற்று நேரம் கழித்து எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"வாங்க. குவியலும் அதே நெல்லுதானே. அடியில காய்ஞ்சது ஏதாவது இருக்கும். ஒரு மரக்கால் தேறினாலும் போதும், பொறுக்கிக்கலாம்."

இருவரும் களத்துக்குப் போனார்கள். குவியலுக்குள் அவள் கையை விட்டாள், விட்ட வேகத்தில் வெளியே எடுத்தாள். உள்ளே அப்படிச் சூடு. புளித்த வாடை அடித்தது. தோண்டத் தோண்ட ஒவ்வொரு நெல்லின் முனையிலும் வெள்ளையாக ஒரு முளை. ஒன்றோடொன்று வேர் பின்னி, பிடித்து இழுத்தால் பாய் மாதிரி பெயர்ந்து வந்தது. அவள் சாயங்காலம் வரை உட்கார்ந்து பொறுக்கினாள். முளைக்காத நெல் என்று கையில் சேர்ந்ததை ஊதிப் பார்த்தாள். எல்லாம் பதர். மடியை உதறிவிட்டு எழுந்தாள். அங்கேயே அழுதாள். அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். நிதானமா பார்த்துக்கலாம் என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது, அதை விழுங்கிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் உணவுப் பாதுகாப்பு வாரம் தொடங்கிற்று.

இயக்குநர் நேரில் வந்தார். நல்ல மழை. கவலைக்கு இடமில்லை. பன்னிரண்டு தார்ப்பாய்களையும் விரித்து, ஒரு சொட்டு ஒழுகாமல் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகளுக்குக்கூடத் துணி போட்டிருந்தார்கள். மேடையின் நடுவில் முக்காலி, முக்காலியின்மேல் விதைமூட்டை, அதன் இடுப்பில் பச்சை ரிப்பன். பருவத்தின் முதல் மூட்டையைத் தந்தவர் என்று நிதானத்தையும் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். அவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு முழந்தான். கையை நீட்டினால் தொடலாம். காவலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே, இதோ நம் முன்னால் ஒரு மூட்டை. ஒன்றே ஒன்றுதானா என்று சிலர் கேட்கலாம். சென்ற ஆண்டு நாம் நிறைய வாங்கினோம். நிறைய வாங்கியதால் நிறையக் கெட்டுப்போயிற்று. பத்திரிகையில் எழுதினார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. யோசித்தேன். கெடுவதைத் தடுக்க ஒரே வழி, வாங்குவதைத் தடுப்பது. இந்த ஆண்டு நம் கணக்கில் ஒரு மணி நெல்கூட வீணாகவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். வீணானது எதுவோ, அது நம் கணக்கில் இல்லை."

கைதட்டினார்கள். தார்ப்பாய்மேல் மழைச் சத்தம் அதிகமாக இருந்ததால் கொஞ்சம் பலமாகவே தட்ட வேண்டியிருந்தது.

"பட்டினியைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தச் சொல்லை நமது அறிக்கைகளிலிருந்து முழுமையாக ஒழித்துவிட்டோம். இன்று எந்தக் கோப்பைப் புரட்டினாலும் பட்டினியைப் பார்க்க முடியாது. இந்த மூட்டையைப் பாருங்கள். ஈரம் வெறும் பன்னிரண்டு. நமது துறைக்கே இலக்கணம் இதுதான். துளி ஈரம் கூடாது. இதை எலி தொட முடியாது, மழை தொட முடியாது, இதைக் கொண்டுவந்த இந்தப் பெரியவரே நினைத்தாலும் தொட முடியாது. இதற்குப் பெயர்தான் பாதுகாப்பு."

பேசிக்கொண்டே அவர் நிதானத்தின் பக்கம் திரும்பி, "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்.

நிதானம் எழுந்தார். ஒலிபெருக்கியை யாரோ வாய்க்கு நேரே பிடித்தார்கள்.

"அதை எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

இயக்குநர் மனம்விட்டுச் சிரித்தார். "எளிய மக்களின் நகைச்சுவை உணர்வே தனி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்கள்.

விழா முடிந்து காருக்குப் போகிற வழியில் இயக்குநரின் கண் களத்தின் பக்கம் போயிற்று. ஒரு வார மழையில் குவியல் முழுவதும் விரற்கடை உயரத்துக்குப் பசேல் என்று வளர்ந்திருந்தது. அவர் நின்றுவிட்டார்.

"அது என்ன, பச்சையா?"

எழுத்தர் தொண்டையைச் செருமினார். நெல் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. கெட வேண்டுமானால் அது முதலில் உள்ளே வந்திருக்க வேண்டும். "பயிர் சார்" என்றார்.

"பயிரா? நம்ம வளாகத்துக்குள்ள யாருய்யா பயிர் வெச்சது?"

எழுத்தர் நிதானத்தைப் பார்த்தார். பத்து நாள் கழித்து நிதானத்தின் வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. அரசு நிலத்தில் அனுமதியின்றி நெல் சாகுபடி செய்திருப்பதாகவும், பயிரை உடனே அகற்றி நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. தாளை மைத்துனன்தான் படித்துக் காட்டினான்.

"நெல்லை எடுத்துட்டுப் போகச் சீட்டு இல்லைன்னான். இப்ப பயிரை எடுத்துட்டுப் போகலைன்னா குத்தமாம். எப்படி மாமா, போய் எடுத்துட்டு வரலாமா?" என்றான்.

போனார்கள். அதற்குள் பயிரும் மஞ்சளித்து அழுகி, குவியல் பாதியாக உட்கார்ந்துவிட்டது. மண்வெட்டியால் வெட்டி வெட்டித்தான் வண்டியில் போட வேண்டியிருந்தது. அறுபது மூட்டையும் குப்பைக்குழிக்குப் போயிற்று. எழுத்தர் நின்று பார்த்து, களம் சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விதைமூட்டைக்காக நிதானம் மூன்று மாதம் அலைந்தார். மாவட்ட அலுவலகம், அதற்கு மேலே இருக்கிற அலுவலகம், அதற்கும் மேலே என்று ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் மரியாதையாகவே பேசினார்கள். விதைத் துறை, அது உணவு என்றது. உணவுத் துறை, விதை என்றால் எங்களிடம் வராது என்றது. ஓர் இடத்தில் மட்டும் ஓர் அம்மாள் அவர் சொன்னதை முழுவதும் கேட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, மனு எழுதிக்கொடுத்தாள். அந்த மனுவுக்குத்தான் பதில் வந்தது. கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, முதல் மூட்டை நல்ல நிலையில் பாதுகாப்பாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

மழைக்காலம் நெருங்கிற்று. மேட்டு வயல்காரர்கள் உழுதார்கள், தெளித்தார்கள். தாழ்ந்த வயலில் தண்ணீர் கட்டத் தொடங்கிற்று. நிதானம் யார் யாரிடமோ கேட்டு வேறு ரக விதை கொஞ்சம் வாங்கித் தூவிப் பார்த்தார். மூன்றாம் நாள் அழுகிற்று. அது அப்படித்தான் ஆகும் என்று அவருக்கும் தெரியும்.

அப்படி ஒரு நாளில்தான் காவலாளி சைக்கிளில் வந்து இறங்கினார். மழைக்குப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். சங்கடத்தோடு வாசலிலேயே நின்றார். நிதானத்தின் மனைவி உள்ளே வரச் சொன்னதும்தான் வந்தார்.

"அண்ணே, உங்களுக்கு அனுப்பியிருக்காங்க. கையில சேர்த்துட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

பளபளக்கிற ஒரு கிலோப் பை. மேலே இயக்குநரின் படம். பருவத்தின் முதல் மூட்டையை ஆலையில் கொடுத்து அரைத்து, சிறுசிறு பொட்டலமாகக் கட்டி, விழாவுக்கு வந்த முக்கியஸ்தர்களுக்கெல்லாம் நினைவுப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சமான ஒன்றை, முன்மாதிரி விவசாயி என்ற சான்றிதழோடு சேர்த்து இவருக்கு.

அவள் பையை வாங்கிப் பிரித்தாள். முறத்தில் கொட்டினாள். ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எவ்வளவு தீட்டியும் போகாமல் முதுகில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடிற்று.

காவலாளி கையெழுத்து வாங்காமலே போய்விட்டார். நிதானம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அவள் முறத்திலிருந்த அரிசியைக் கல்லும் குறுநொய்யும் பார்த்துப் பொறுக்கினாள். ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி முடிந்தாள். வீட்டில் அன்றைக்கு உலை வைக்க அரிசி இல்லை, அது இருவருக்கும் தெரியும். அடுப்புப் பக்கம் போனாள். அவர் எழுந்து பானையை எடுத்து வைத்தார். ஆனால் அவள் பானையைத் தொடவில்லை. அடுப்பின்மேல் ஏறி நின்று, பரணில் மூட்டை இருந்த இடத்தைக் கையால் துடைத்து, அந்த முடிச்சை அங்கே வைத்தாள்.

"அது முளைக்காதும்மா" என்றார் அவர் மெதுவாக. "அரிசி அது."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

அவள் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க மட்டும்தான் பாதுகாக்கணுமா? நானும் கொஞ்ச நாள் பாதுகாக்கறேன்" என்றாள்.